இயந்திரம் பார்த்துக்கொள்ளாது

போன மாதம் உறவினர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு துண்டுப் பிரசுரத்தின் படத்தை அனுப்பி, "இது உன் லைன்தானே, இதெல்லாம் நெசமா?" என்று கேட்டிருந்தார். ஒரு தனியார் மருத்துவமனையின் விளம்பரம். நீல வெளிச்சத்தில் ஒரு ரோபோ கை. அதன் கீழே கண்களை மூடிப் புன்னகைத்தபடி படுத்திருக்கும் ஒரு பெரியவர். (இருபத்திரண்டு வருடங்களில் அந்த மேசைமேல் படுத்துப் புன்னகைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.) கத்தியில்லை, வலியில்லை, ரத்தமில்லை என்று மூன்று வரிகள். நான்காவது வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது: நீங்கள் நிம்மதியாக மூச்சு விடுங்கள், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

"பாதி நெசம்" என்று பதில் போட்டேன். மீதிப் பாதியைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

நான் மருத்துவ இயற்பியலாளன். கதிர்வீச்சுப் பிரிவில் எங்களைப் பலர் டெக்னீஷியன் என்பார்கள், சிலர் டாக்டர் என்பார்கள். இரண்டும் தவறு. எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று டாக்டர் முடிவு செய்கிறார். அந்த அளவு அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்படி கணக்குப் போடுவதும், போய்ச் சேர்கிறதா என்று சரிபார்ப்பதும் என் வேலை. நாட்டில் எந்தக் கதிர்வீச்சு சிகிச்சை மையமும் எங்களில் ஒருவர் இல்லாமல் இயங்கக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. அந்த "அந்த இடம்" ஓரிடத்தில் நிற்காது என்பதுதான் இந்தத் தொழிலின் தலைவலி.

மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கல்லீரலும் கூடவே இறங்குகிறது. சும்மா படுத்துச் சாதாரணமாக மூச்சு விடும் மனிதரின் கல்லீரல் ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை மேலும் கீழும் போய்வரும். ஆழமாக இழுத்தால் இன்னும் கூடும். நுரையீரலின் மேல்பகுதியில் உள்ள கட்டி சில மி.மீ. அசைவதோடு நின்றுவிடும். அடிப்பகுதியில் இருந்தால் கல்லீரலைப் போலவே ஆடும். கணையமும் சிறுநீரகமும் சேர்ந்தே ஆடுகின்றன. நிமிடத்துக்குப் பதினைந்து தடவை என்று வைத்துக்கொண்டால், நாற்பது நிமிட சிகிச்சையில் கட்டி அறுநூறு முறை போய்த் திரும்புகிறது.

மூளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் அறுவையின்றிக் கதிரால் கட்டியை அழிக்கும் முறை மூளையில் தொடங்கியது. ஸ்வீடனைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்ஸெல் 1968-இல் காமா கத்தியைக் கொண்டுவந்தார். நோயாளியின் மண்டையோட்டில் திருகாணி போட்டு ஒரு சட்டத்தைப் பொருத்திவிட்டால், அந்தச் சட்டம் எங்கேயோ அங்கேதான் கட்டி. வயிற்றுக்கு எங்கே திருகாணி போடுவது?

இரண்டு செ.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பள்ளிக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். 3 செ.மீ. விட்டமுள்ள உருண்டையான கட்டியின் கனஅளவு ஏறத்தாழ 14 கன செ.மீ. அது எங்கே நகருமோ என்ற பயத்தில் சுற்றிலும் அரை செ.மீ. கூட்டினால் 33 ஆகிறது. ஒரு செ.மீ. கூட்டினால் 65. கட்டியைவிட நாலரை மடங்கு இடத்தைச் சுடுகிறோம், அந்தக் கூடுதல் இடம் முழுக்க நல்ல திசு. ஈரல் சுருக்கம் வந்து, குடித்தோ மஞ்சள் காமாலைக் கிருமியாலோ ஏற்கெனவே முக்கால்வாசி கெட்டுப்போன கல்லீரலில், மிச்சமிருக்கும் அந்தக் கால்வாசியை வைத்துத்தான் அந்த மனிதர் நாளை சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும். மூன்று தவணையில் கொடுக்கும் கல்லீரல் சிகிச்சைக்குப் பரவலாகக் கையாளப்படும் ஒரு விதி உண்டு: குறைந்தது 700 கன செ.மீ. நல்ல ஈரலுக்கு 15 கிரேக்குக் குறைவாகவே கதிர் போக வேண்டும். பல நோயாளிகளிடம் அந்த 700-ஐத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சுற்றளவைக் கூட்டும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அதிலிருந்துதான் போகிறது. சுற்றளவைக் குறைத்துவிட்டு மூச்சைத் தவறவிட்டாலோ, கட்டியின் ஓரம் தப்பித்துக்கொள்கிறது. தப்பித்தது மறுபடி வளரும்.

ஆகவே மூச்சோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் பிளோம்கிரென், லாக்ஸ் என்ற இருவர் உடம்புக்கென ஒரு சட்டம் செய்து, மேல்வயிற்றை ஒரு தகட்டால் அழுத்திப் பிடித்தார்கள். வயிறு அழுந்தினால் மூச்சு மேலோட்டமாகிறது, கல்லீரலின் ஆட்டம் குறைகிறது. அவ்வளவு எளிமையான யோசனை. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஷிராடோவின் குழு 1990களின் இறுதியில் வேறு வழி பிடித்தது. கட்டிக்குப் பக்கத்தில் 2 மி.மீ. தங்க உருண்டையை வைத்து, அதை எக்ஸ்-ரேயில் நொடிக்கு முப்பது தடவை பார்த்து, குறித்த இடத்துக்கு உருண்டை வரும்போது மட்டும் கதிரைத் திறந்தார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஆட்லர், கார்த் தொழிற்சாலைகளில் நிற்பது போன்ற ரோபோ கையில் சிறிய கதிர் இயந்திரத்தைப் பொருத்தினார். அந்தக் கைக்குப் பிற்பாடு மூச்சோடு சேர்ந்து அசையக் கற்றுக்கொடுத்தார்கள். துண்டுப் பிரசுரத்தில் இருப்பது இந்த மூன்றாவது.

முதலில் அந்த "கத்தியில்லை"யைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ரோபோ கை பின்தொடர வேண்டுமென்றால் பெரும்பாலும் அதற்கு உள்ளே ஓர் அடையாளம் வேண்டும். மென்மையான கல்லீரலுக்குள் இருக்கும் கட்டி சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாது. எனவே நெல்மணியைவிட மெலிந்த தங்கத் துணுக்குகளை நீண்ட ஊசி வழியாகத் தோலைத் துளைத்து, ஈரலுக்குள் கட்டியின் பக்கத்தில் வைக்கிறார்கள். நுரையீரல் என்றால் ஊசி போகும் வழியில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிடும் அபாயம் உண்டு. அந்த ஊசி சரியான ஊசிதான், தேவையான இடத்தில் போட்டே ஆக வேண்டும். பிரசுரத்தில் மட்டும் அது எங்கே போனது?

அடுத்து, பின்தொடர்தல் என்ற சொல். இயந்திரம் கட்டியைக் கண்கொட்டாமல் பார்த்தபடியே கூடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நோயாளிகள் மட்டுமில்லை, எங்கள் மருத்துவமனையில் வேறு துறை டாக்டர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பது இது. நோயாளியின் வயிற்றின் மேலோ மார்பின் மேலோ சிறு விளக்குகள் இருக்கும். கேமரா அவற்றை விடாமல் பார்க்கிறது. உள்ளே இருக்கும் தங்கத் துணுக்கை எக்ஸ்-ரே எப்போதாவதுதான் பார்க்கிறது, நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ படம். அதற்கு மேல் எடுத்தால் அந்த எக்ஸ்-ரேயே தனிச் சுமை. வயிறு இந்த உயரத்தில் இருக்கும்போது துணுக்கு இந்த இடத்தில் இருந்தது என்று தொடக்கத்தில் சில படங்களை வைத்து ஓர் உறவைக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு படங்களுக்கு நடுவில் ரோபோ கை பின்தொடர்வது வயிற்றைத்தான்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ராட்டினத்தில் கயிறு எவ்வளவு ஓடியது என்பதை வைத்து வாளி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று சொல்கிறோம். அவ்வப்போது எட்டிப் பார்த்துச் சரிபார்க்கிறோம். கயிறு ஒழுங்காக ஓடும்வரை கணக்கு சரி. கயிறு வழுக்கினாலோ வாளி சுவரில் மாட்டினாலோ, மேலே நிற்பவனுக்கு அடுத்த முறை எட்டிப் பார்க்கும்வரை தெரியாது.

வேறொரு சங்கடமும் உண்டு. வயிறு அசைந்ததைக் கேமரா கண்டு, கணினி கணக்குப் போட்டு, அந்தக் கனமான கை நகர்வதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு ஓடிவிடுகிறது. அதற்குள் கல்லீரல் ஒரு மி.மீ. தாண்டிவிடும். எனவே இயந்திரம் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யூகித்து நகர்கிறது. அந்த யூகத்துக்கு ஆதாரம், இதற்கு முன் விட்ட மூச்சுகள். அடுத்த மூச்சு போன மூச்சு மாதிரியே இருக்கும் என்ற நம்பிக்கைதான் அந்த முப்பது நாற்பது கோடி ரூபாய் யந்திரத்தின் அடித்தளம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. விலையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ என்னவோ, அடித்தளத்தைக் கூட்டிச் சொல்லவில்லை.

மனிதர்கள் அப்படியா மூச்சு விடுகிறார்கள்? பயந்தால் வேகமாக, மேலோட்டமாக. பத்து நிமிடம் படுத்தபின் தசைகள் தளர்ந்து அலையின் தளமே இறங்கிவிடுகிறது. தூங்கிவிட்டால் முற்றிலும் வேறு தாளம். இருமல், விக்கல், எச்சில் விழுங்குவது, பெருமூச்சு. திட்டமிடுவதற்காக முதல் நாள் எடுக்கும் சி.டி.யில் மூச்சின் பல கட்டங்களைப் பிரித்துப் பதிவு செய்வார்கள். அது அந்த மனிதருடைய வாழ்க்கையின் ஒன்றிரண்டு நிமிடம். அதுவும் புது இடம், குளிர், மேலே சுழலும் வளையம், மனசுக்குள் "கேன்சர்" என்ற சொல். அந்த நிமிடத்தில் மூச்சு தாறுமாறாக இருந்தால் படத்தில் கல்லீரலின் மேல்விளிம்பு படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுத் தெரியும். அந்தப் படிக்கட்டின்மேல்தான் டாக்டர் கட்டியை வரைகிறார், அதன்மேல்தான் நான் கணக்குப் போடுகிறேன். எல்லாம் இரண்டு தசம இடத் துல்லியத்தில்.

ஆகவே இந்தச் சங்கிலியில் ஒழுங்காக மூச்சு விடும் மனிதர்தான் முதல் கண்ணி. அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பில்லை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006-இல் வெளியிட்ட 76-ஆம் பணிக்குழு அறிக்கையை இந்தத் தொழிலில் எல்லோரும் படித்திருக்கிறோம். கட்டி 5 மி.மீ.க்கு மேல் அசைந்தால் மூச்சைக் கையாள வழிசெய்யுங்கள் என்கிற அதே அறிக்கை, நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றியும் பேசுகிறது. 5 மி.மீ.யை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். பயிற்சியை யாரும் காட்டுவதில்லை. இயந்திரத்துக்கு டெண்டர் விடலாம், திறப்புவிழாவுக்கு அமைச்சரைக் கூப்பிடலாம். பயிற்சிக்கு என்ன ரிப்பன் வெட்டுவது?

எங்கள் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கல்லீரலில் கட்டி. மூச்சை அடக்கிப் பிடித்த நிலையில் கதிர் கொடுப்பதாகத் திட்டம். அவர் இழுத்துப் பிடித்து இருபது நொடி நின்றால் அந்த இருபது நொடியும் கல்லீரல் ஓரிடத்தில் நிற்கும். இயந்திரத்தோடு வந்த குரல் ஆங்கிலத்தில் கட்டளையிட்டது: "பிரீத் இன்... ஹோல்ட்." அம்மா அசையவில்லை. வேறு யாரிடமோ பேசுகிறார்கள் என்று நினைத்தாராம். தொழில்நுட்பர் மைக்கை எடுத்து, "அம்மா, மூச்சை நிறுத்துங்க" என்றார். திரையில் அலை கன்னாபின்னாவென்று எகிறியது. மறுபடி, "மூச்சை நிறுத்துங்கம்மா, அசையாதீங்க." கேமராவில் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறார். நிறுத்திவிட்டு உள்ளே போனோம். வெளியே உட்கார்ந்திருந்த மகனைக் கூப்பிட்டு அவர் சொன்னது இதுதான்: "மூச்ச நிறுத்தச் சொல்றாங்கடா."

அந்தத் தொழில்நுட்பர் மேல் தப்பில்லை. அவர் தமிழில்தான் சொன்னார். ஆனால் தமிழில் மூச்சு நிற்பது என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எழவு வீட்டில் சொல்லும் வாக்கியம் அது. "மூச்சை அடக்குங்க" என்பதும் அப்படித்தான், அடங்கிப்போச்சு என்றால் முடிந்துபோச்சு. "மூச்சைப் பிடிங்க" கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் மூச்சுப்பிடிப்பு என்பது முதுகில் சுளுக்கிக்கொள்ளும் வலி. ஒரு பெரியவர் "ஆமா சார், ரெண்டு நாளா பிடிப்புதான், தைலம் தேய்ச்சேன்" என்று பதில் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு மொழியில் ஒரு கட்டளையைச் சொல்வதற்கு அகராதி போதாது. அந்தக் கட்டளையின் நிழலில் வேறு என்னென்ன நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

அன்றைக்கு அந்த அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தவர் எங்கள் வார்டு ஆயா. துணி மாற்ற உள்ளே வந்தவர், நாங்கள் திணறுவதைப் பார்த்துவிட்டு, "ஏங்கா, சின்ன வயசுல கொளத்துல முங்கி வெளையாடிருக்கியா?" என்று கேட்டார். "ம்." "அப்ப எப்படித் தம் கட்டுவே, அதேதான். முங்கு. நாங் சொல்றப்ப எந்திரி." நான் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிவந்து திரையைப் பார்த்தேன். அலை மேலே ஏறி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நின்றது. இருபத்தைந்து நொடி. தம் கட்டுதல். முங்குதல். சடுகுடு ஆடியவர்களுக்கு, கிணற்றில் குதித்தவர்களுக்கு, மூட்டை தூக்கியவர்களுக்கு உடம்பிலேயே இருக்கும் சொற்கள் இவை. இருபது வருடப் படிப்பில் எனக்கு ஒருமுறைகூட அவை தோன்றவில்லை.

அதற்கு எவ்வளவு நேரம் ஆனது? இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம்தான் இந்தக் கட்டுரையின் சண்டை. எங்கள் அட்டவணையில் ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம், இத்தகைய சிகிச்சை என்றால் நாற்பது. இரண்டிலும் பயிற்சிக்கென்று ஒரு நிமிடமும் இல்லை. நான் பார்த்த பில்கள் எதிலும் மூச்சுப் பயிற்சி என்று ஒரு வரி கிடையாது. பில்லில் இல்லாத வேலை நிர்வாகத்தின் கண்ணில் வேலையே இல்லை. அந்த அம்மாவால் அன்றைக்கு ஆறு பேர் தாமதமானார்கள். மாலையில் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். ஆயாவைக் கூப்பிட்டு யாரும் நன்றி சொல்லவில்லை.

நிர்வாகத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் கழன்றுகொள்ள முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி ஓட்டுநர், வலது நுரையீரலின் அடிப்பகுதியில் கட்டி. மூன்றாவது தவணையின் நடுவில் அவர் தூங்கிப்போனார். இரவெல்லாம் வண்டி ஓட்டிய உடம்பு, படுத்தால் தூக்கம் வராதா? அலையின் தளம் இறங்கியது. துணுக்கு இருக்க வேண்டிய இடத்துக்கும் எக்ஸ்-ரே காட்டிய இடத்துக்கும் இடையே இடைவெளி ஏறிக்கொண்டே வந்தது. இயந்திரம் தானாக நின்றுவிடும் வரம்பைத் தொடவில்லை, தொடப் பார்த்தது. அங்கே செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். நிறுத்து, எழுப்பு, தண்ணீர் கொடு, புதிதாகப் படங்கள் எடுத்து உறவுக் கணக்கைத் திரும்பப் போடு. கால் மணி நேரம். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள், மேசை டெலிபோன் இரண்டு முறை அடித்திருந்தது. வரம்புக்குள்தானே இருக்கிறது என்று தொடர விட்டேன். அறிக்கையில் எல்லாப் புள்ளிகளும் பச்சை. நானே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை இன்றைக்குப் பார்த்தாலும் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. அது எனக்கு ஆறுதல் தருவதில்லை.

இதையெல்லாம் சொன்னால் இளைய டாக்டர்கள் சிரிக்கிறார்கள். "சார், இன்னும் அஞ்சு வருஷத்துல ஏ.ஐ. எல்லாத்தையும் ப்ரெடிக்ட் பண்ணிடும், எம்.ஆர். லினாக் வந்தாச்சு, நீங்க இன்னும் தம் கட்டறதுலயே இருக்கீங்க." நல்லது. எம்.ஆர். ஸ்கேனும் கதிர் இயந்திரமும் ஒன்றாக இணைந்த கருவி அற்புதமானதுதான். தங்கத் துணுக்கு இல்லாமலேயே, எக்ஸ்-ரே இல்லாமலேயே, கட்டியையே நேராகப் பார்க்கலாம். கயிற்றை விட்டுவிட்டு வாளியையே பார்க்கிறோம் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் பார்த்துவிட்டு அது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கட்டி எல்லையை விட்டு வெளியே போனால் கதிரை நிறுத்துகிறது, உள்ளே வந்தால் திறக்கிறது. நோயாளி ஒழுங்காக மூச்சைப் பிடித்தால் சிகிச்சை சீக்கிரம் முடியும். பிடிக்காவிட்டால் அந்தக் குழாய்க்குள் ஒரு மணி நேரம் கிடக்க வேண்டும். அந்த வகைக் கருவியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனமான வியூரே 2023-இல் திவாலானது. உலகெங்கும் அதை வாங்கிய மருத்துவமனைகள், உதிரிப் பாகத்துக்கு யாரைக் கேட்பது என்று விழித்தன. ஆயாவுக்கு உதிரிப் பாகம் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவும் கடந்த மூச்சிலிருந்துதான் வரும் மூச்சை யூகிக்கிறது. இன்னும் நன்றாக யூகிக்கும், சரி. பயந்துபோன ஒருவரின் பயத்தை அது எப்படிப் போக்கும்?

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டமும் வரும், அவர்களையும் சொல்லிவிடுகிறேன். பூரகம், கும்பகம், ரேசகம் எல்லாம் திருமூலர் அன்றைக்கே சொல்லிவிட்டார், ரோபோ என்ன ரோபோ என்பவர்கள். திருமந்திரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்களுக்கு வேண்டியது ஆழமான மூச்சோ நீண்ட கும்பகமோ கிடையாது. நேற்றுப் போலவே இன்று, இன்று போலவே நாளை, அதே அளவு மூச்சு. பிராணாயாமப் பழக்கம் உள்ள ஒருவர் ஒருநாள் மார்பால் இழுத்தார், மறுநாள் வயிற்றால் இழுத்தார், இரண்டு நாளும் தேர்ந்த மூச்சுதான். கல்லீரல் இரண்டு வெவ்வேறு இடத்தில் நின்றது. அவருக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

ரோபோ கை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டி முதுகுத் தண்டுக்கோ குடலுக்கோ ஒட்டி இருக்கும்போது அந்தக் கை செய்வதை வேறெதுவும் செய்யாது. நான் கேட்பது வேறு. இந்த நாட்டில் பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்தக் கை எட்டப் போவதில்லை. அவர்கள் போகும் அரசு மருத்துவமனையில் ஒரு சாதாரண லினாக் இருக்கும், ஒரு சி.டி. இருக்கும். ஸ்டாக்ஹோம்காரர்கள் செய்த அதே வேலையை, வயிற்றில் கட்டும் ஒரு பெல்ட்டைக் கொண்டு செய்யலாம். கட்டுவதற்கு முன்பும் பின்பும் மூச்சு எவ்வளவு அசைக்கிறது என்று அளந்து பார்க்கலாம். சிலருக்கு 2 செ.மீ. ஆட்டம் பாதியாகக் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். நோயாளியிடம் அவருடைய அலையையே ஒரு திரையில் காட்டி, இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் வைத்திருங்கள் என்றால், எழுத்து தெரியாதவர்களும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் நாள் சி.டி. எடுக்காமல், வந்து படுத்து மூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும். மறுநாள் வரும்போது பாதி பயம் போயிருக்கும். இதற்கெல்லாம் வேண்டியது மனிதர்களும் நேரமும். இரண்டையும் வாங்குவதற்கு மட்டும் நம் நிதிக்குழுக்களில் கை எழும்பாது.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் சில கேள்விகள் கேட்கலாம், உங்களுக்கு உரிமை உண்டு. என் கட்டி எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது, அளந்தீர்களா? எனக்கு எப்போது பயிற்சி? நான் இருமினால் என்ன ஆகும், எப்படிச் சொல்வது, கையில் பொத்தான் உண்டா? உள்ளே ஊசி உண்டா? யார் என்னிடம் பேசப் போகிறார்கள், என்ன மொழியில்? இதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு எரிச்சல் வந்தால், அந்த எரிச்சலையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உறவினருக்கு இவ்வளவும் அனுப்பவில்லை. போனில் கூப்பிட்டுப் பேசினேன். யாருக்காகக் கேட்கிறார் என்று அப்போதுதான் சொன்னார். அவருடைய தங்கைக்கு.

அந்த அம்மாவின் சிகிச்சை முடிந்த பிறகு, ஆயாவின் குரலிலேயே கட்டளைகளைப் பதிவு செய்து இயந்திரத்தில் போட்டோம். "மெதுவா இழு... இன்னும் கொஞ்சம்... தம் கட்டு... அப்படியே இரு... போதும், விடு கண்ணு." மூன்று வாரம் ஓடியது. பிறகு மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. குரல் புரொஃபஷனலாக இல்லையாம். அதைவிட முக்கியமாக, புற்றுநோய் மருத்துவமனையில் "தம்" என்ற சொல் சிகரெட்டை நினைவூட்டுகிறதாம். சென்னையிலிருந்து ஒரு டப்பிங் கலைஞரை வரவழைத்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள். தெளிவான உச்சரிப்பு, நல்ல குரல். "தயவுசெய்து தங்கள் மூச்சை நிறுத்தி வையுங்கள்" என்று தொடங்கும். இப்போது அதுதான் ஓடுகிறது. அந்தக் குரல் முடிந்ததும் நாங்கள் மைக்கை எடுத்து, "முங்குங்க" என்கிறோம்.